பல்லா, பலலா

எனக்குத் தோற்பது பிடிக்காது. சின்ன வயதில் தாயம் ஆடும்போது கட்டை விழாவிட்டால் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போய்விடுவேன். அப்படிப்பட்டவள் சிங்களப் பரீட்சையில் பெயிலாகிவிட்டு கண்டி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தால் எப்படியிருக்கும்? பேராதனையில் தொடங்கிய எரிச்சல், எங்கள் ஊர் புசல்லாவையில் இறங்கும்வரை அடங்கவில்லை.

கண்டி நகரத்தில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் எனக்கு எழுதுவினைஞர் வேலை. இரண்டாம் மொழிப் பரீட்சையில் சித்தியடைந்தால்தான் வேலை நிரந்தரமாகும். எழுத்துப் பரீட்சையைச் சுலபமாகத் தாண்டினேன். விழுந்தது வாய்மொழியில். தெரியாமல் விழவில்லை, வாயைத் திறக்காமல் விழுந்தேன். கேட்ட கேள்வி ஒவ்வொன்றும் புரிந்தது. பதிலும் தொண்டைவரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

அதற்குக் காரணம் ஒரு நாய். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கோப்பு ஒன்றைப் பிரிவுத் தலைவரிடம் கொண்டுபோனேன். பார்த்துவிட்டுக் கொடுங்கள் என்பதற்குச் சிங்களத்தில் 'பலலா தென்ன' என்பார்கள். நான் பயத்தில் ஓர் எழுத்தை அழுத்திவிட்டு, "சர், பல்லா தென்ன" என்றேன். பல்லா என்றால் நாய். பட்டப்பகலில், கோப்பும் கையுமாக நின்று, பெரிய மனிதரிடம் நாயைக் கேட்டிருக்கிறேன். அவர் பாவம், மேசைக்கடியில் குனிந்து பார்த்தார். அலுவலகமே சிரித்தது. அன்றிலிருந்து யார் சிங்களத்தில் பேசினாலும் தலையாட்டுவதோடு சரி. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, பயந்த சுபாவம் என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். எனக்கா பயந்த சுபாவம்? என் வீட்டில் கேட்டால் தெரியும்.

பக்கத்து மேசையில் அம்பிட்டியவிலிருந்து வரும் ஒரு சிங்கள அக்கா இருந்தார். நான் பெயிலான செய்தி கேட்டு ஆறுதல் சொல்ல வருவார் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அவரோ கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, "நங்கி, நீ சிங்கள பெயில். நா தமில் பெயில்" என்றார். நங்கி என்றால் தங்கை. அவருக்கும் தமிழ்ப் பரீட்சை உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

அவர் கதை என் கதையைவிட நன்றாக இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியை யாரோ அடைத்துவிட்டார்கள் என்று முறையிட ஒரு முதியவர் வந்திருக்கிறார். அக்காவுக்கு ழகரம் வராது. "ஐயா, உங்க வலி எங்க?" என்று அன்பாகக் கேட்டிருக்கிறார். அந்த மனிதர் வந்த வேலையை மறந்து, "முழங்கால்லதாம்மா. மழை வந்தா எந்திரிக்கவே முடியல" என்று வேட்டியை உயர்த்திக் காட்டிவிட்டாராம்.

சொல்லிவிட்டு அக்கா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். நான் அசந்துபோனேன். இதே மாதிரி ஒரு தப்பை நான் மாதக்கணக்கில் கல்லாகச் சுமந்துகொண்டு திரிகிறேன், இவர் அதைப் பலகாரம் மாதிரி எடுத்து நீட்டுகிறார். பொறாமையாகவே இருந்தது.

அந்தப் பொறாமையில்தான் விளையாட்டைக் கண்டுபிடித்தேன். அவர் தமிழில் மட்டும் பேச வேண்டும், நான் சிங்களத்தில் மட்டும். பேச்சைக் கேட்டு யாராவது சிரித்தால் பேசியவருக்கு ஒரு புளியங்கொட்டை. சிரித்ததோடு நிற்காமல் திருத்தியும் விட்டால் இரண்டு. வாயை மூடிக்கொண்டு தலையாட்டினால் சேர்த்தது அத்தனையும் போச்சு. வெள்ளிக்கிழமை யாரிடம் கொட்டை குறைவோ அவர் தேநீருக்கு மீன் வைத்த மாலுபாண் வாங்க வேண்டும்.

முதல் வாரம் நான் மாலுபாண் வாங்கினேன். இரண்டாம் வாரமும் நான்தான். அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களை விடவில்லை. கம்பளையில் ஏறுகிற ஆசிரியை, நடத்துனர், மரக்கறிக் கூடையோடு வருகிற அம்மா, எல்லோரிடமும் வாய் கொடுத்தேன். நடத்துனர் என்னைக் கண்டாலே சிரிக்கத் தொடங்கினார். வாயைத் திறக்குமுன் சிரித்தால் கணக்கில் சேராது என்று அக்கா அடித்துச் சொல்லிவிட்டார். அதற்காக ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டோம், அவர் தமிழிலும் நான் சிங்களத்திலும்.

பிறகு ஒரு சிக்கல் வந்தது. சிரிப்பு குறைந்தது. விலை கேட்டேன், வழி கேட்டேன், ஒருவரும் சிரிக்கவில்லை. கேட்டதைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார்கள். கொட்டை வேண்டுமென்றால் தெரியாத பக்கம் போகத்தான் வேண்டும். அதனால் வானிலை பேசினேன், அரசியல் பேசினேன், ஆசிரியையின் மாமியாரைப் பற்றிக்கூட அபிப்பிராயம் சொன்னேன். இது எனக்கு நன்றாகப் பிடித்திருந்தது. மானம் போகிறது என்று நான் பதுங்கிய இடமெல்லாம் கொட்டை கிடைக்கிற இடமாகிவிட்டது. நான் மாறவில்லை, எனக்கு அப்போதும் தோற்பது பிடிக்கவில்லை. எது தோல்வி என்பதை மட்டும் மாற்றிக்கொண்டேன்.

இரண்டாவது வாய்மொழிப் பரீட்சை வந்தது. இந்தத் தடவையும் தவறினால் வேலை கையைவிட்டுப் போகும் என்று அலுவலகத்தில் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். உள்ளே மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஊரைப் பற்றிச் சொல்லச் சொன்னார்.

"அபே வத்தே கோவிலக் இன்னவா, சர்" என்று ஆரம்பித்தேன். எங்கள் தோட்டத்தில் ஒரு கோயில் இருக்கிறது என்று சொன்னதாக என் நினைப்பு. தமிழில் கோயிலும் இருக்கும், குருவியும் இருக்கும். சிங்களத்தில் உயிருள்ளதற்குத்தான் 'இன்னவா', உயிரில்லாததற்கு 'தியெனவா'. நம் ஆட்கள் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இது. எனக்குத் தெரியும். தெரிந்தும் வாய் முந்திவிட்டது.

அவர் பேனையை வைத்துவிட்டு, கோயிலுக்கு உயிர் இருக்கிறதா மிஸ் என்று சிங்களத்தில் கேட்டார்.

பழைய ஆளாக இருந்திருந்தால் அத்தோடு எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் அவர் உதட்டோரத்தில் சிரிப்பு தெரிந்தது. எனக்கு வேறொன்றும் தெரியவில்லை. ஒரு கொட்டை வந்துவிட்டது, இன்னொன்றையும் விடக்கூடாது என்று மட்டும் தோன்றியது.

"தெய்யோ எத்துலே இன்னவானே, சர்" என்றேன். சாமி உள்ளே இருக்கிறாரே.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, சாமிக்கு இன்னவா, கட்டடத்துக்குத் தியெனவா என்று திருத்திவிட்டார். நன்றி சொல்லிவிட்டுத் தொடர்ந்தேன். கோயிலிலிருந்து திருவிழாவுக்குப் போனேன், திருவிழாவிலிருந்து மழைக்கு, மழையிலிருந்து அட்டைக்கடிக்கு. அட்டைக்குச் சிங்களத்தில் என்ன என்று தெரியவில்லை. விரலால் மேசைமேல் நெளித்துக் காட்டி அவரிடமே கேட்டு வாங்கிக்கொண்டேன். என் பெயரை எந்த நேரம் எழுதினார், புள்ளியை எந்த நேரம் போட்டார் என்று நான் கவனிக்கவேயில்லை. நிரந்தர நியமனம் பிறகு வந்தது, வீட்டில் பாயாசமும் காய்ச்சினார்கள். ஆனால் நான் ஜெயித்தது அந்த அறையில், அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கையை உயர்த்திய அந்தக் கணத்தில்தான்.

"ஹரி மிஸ், எத்தி" என்றார். சரி, போதும்.

"தவ பொட்டக், சர்" என்றேன். இன்னும் கொஞ்சம்.