சொல்லாமல் விட்ட வேகம்

எண்பதுகளின் பிற்பகுதி. சிங்கப்பூரின் ஆங் மோ கியோவில் பிரிண்டர் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் நான் இன்ஜினியர். என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த நண்பன் ஒருவன் இருந்தான். புக்கிட் மேராவில் அம்மாவோடு வசித்தான். மதியம் கேண்டீனில் எங்களுக்கு ஒரே மேசை. சனிக்கிழமையானால் தேக்கா மார்க்கெட்டில் பிரியாணி. என் கல்யாணத்தில் வாசலில் நின்று எல்லாரையும் வரவேற்றவன் அவன்தான்.

புதிய பிரிண்டருக்கு எந்த பிராசசர் சிப் என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. மேனேஜர் எனக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று கொடுத்து, ஒரே வேலைக்கு இரண்டிலும் புரோகிராம் எழுதச் சொன்னார். யாருடையது தேர்வாகிறதோ அவர் குழுவுக்குத் தலைவர். என்னுடையது பழைய வகை. அதில் ஒரே கட்டளை பல காரியம் செய்யும், ஆனால் முடிக்க நேரம் எடுக்கும். அவனுடையது அப்போதுதான் வந்திருந்த புது வகை. கட்டளைகள் கொஞ்சம், எல்லாம் எளியவை. அதனால் புரோகிராம் நீளும். ஆனால் ஒவ்வொரு கட்டளையும் சட்டென்று முடிந்துவிடும்.

முடிவு செய்யும் மீட்டிங்குக்கு முந்தின நாள் இரண்டையும் சேர்ந்து ஓட்டிப் பார்த்தோம். அவனுடையது ஒரு பக்கத்தை முடித்தபோது என்னுடையது பாதியைக்கூடத் தாண்டவில்லை.

"நாளைக்கு அம்மாவுக்கு கண் ஆபரேஷன், நான் வர முடியாது. ரெண்டைப் பத்தியும் நீயே சொல்லிடு லா" என்றான்.

மறுநாள் என் புரோகிராமின் நான்கு தாள்களை மேசையில் வைத்தேன். பக்கத்தில் அவனுடைய ஒன்பது தாள்களைப் பரப்பினேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மெமரி அப்போது விலை அதிகம். சின்ன புரோகிராமுக்கு மெமரி குறைவாகப் போதும், அதுதான் நல்லது என்றார் மேனேஜர். எது சீக்கிரம் முடிந்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பொறுப்பு எனக்குக் கிடைத்தது.

லீவு முடிந்து வந்தவன் கேட்டது ஒன்றுதான். "ஸ்பீட சொன்னியா?"

"யாரும் கேக்கல" என்றேன்.

திரும்பித் தன் இடத்துக்குப் போய்விட்டான். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. அதன்பிறகு கேண்டீனுக்கு என்னோடு வரவே இல்லை. சில மாதங்களில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். கடைசி நாளில் எல்லாரிடமும் கை குலுக்கினான், என்னிடமும்.

மறு வருடம் தீபாவளிக்கு முன் சிராங்கூன் ரோட்டுக் கூட்டத்தில் அவனைப் பார்த்தேன். பக்கத்தில் புது மனைவி. கல்யாணம் ஆனதே எனக்குத் தெரியாது. ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அன்னைக்கு நான் மறைச்சது தப்புடா. மன்னிச்சிடு."

"அதெல்லாம் எப்பவோ முடிஞ்சு போச்சு, விடுங்க" என்றான். "வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

அதற்கு முன் அவன் என்னிடம் 'ங்க' போட்டுப் பேசியதே இல்லை. பிறகு மனைவி பக்கம் திரும்பி, "இவர் முன்னாடி என்கூட வேலை பார்த்தவர்" என்றான். கையை மெல்ல விடுவித்துக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டான். அதற்குப் பிறகு நாங்கள் சந்திக்கவில்லை.

அந்த மீட்டிங்கில் நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லைதான். ஆனாலும் யாராவது என்னை நேர்மையான ஆள் என்று புகழ்ந்தால், இன்றுவரை என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடிவதில்லை.