பத்தாயிரத்து ஒரு விளக்கு

அக்கா மகளுக்கு இதயத்தில் அறுவைச் சிகிச்சை நடந்தபோது, அக்கா புதுவயல் அம்மனுக்குப் பத்தாயிரம் விளக்கு நேர்ந்துகொண்டாள். நேர்ந்த கையோடு ஒன்றையும் சேர்த்துவிட்டாள். எங்கள் பக்கம் மொய் எழுதினாலும் நேர்த்திக்கடன் சொன்னாலும் சைபரில் நிறுத்த மாட்டோம்; ஒன்று கூட்டினால்தான் மனசு ஒப்பும். பிள்ளை பிழைத்து வீடு வந்தாள். கார்த்திகையில் விளக்கேற்ற நாளும் குறித்தாயிற்று.

இடம், அத்தானின் ரைஸ்மில்லில் நெல் காயப்போடும் சிமெண்டுக் களம். அம்மன் சன்னதிக்கு நேரெதிரே இருக்கிறது. மில் ஆட்கள் காலையிலேயே கயிறு பிடித்து, வரிசைக்கு நூறாக நூறு வரிசை அகல் வைத்து முடித்திருந்தார்கள். ஓர் அகல் மிச்சம்.

அதைச் சன்னதி வாசலில் வைத்துவிடலாம் என்றார் அத்தான். எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அக்கா கேட்கவில்லை. எல்லா விளக்கும் வரிசையில்தான் நிற்க வேண்டுமாம், வரிசையும் முழுசாக இருக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் இன்றைக்கு ஏற்றவே வேண்டாமாம். கணக்கு டீச்சரான எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அகலுக்கு என்ன தெரியப்போகிறது என்று கேட்டேவிட்டேன்.

“அவ ஆஸ்பத்திரில கண்ணாடிக்கு அங்குட்டு தனியாக் கெடந்தா. நான் இங்குட்டு நின்னுக்கிட்டே இருந்தேன்” என்றாள் அக்கா. “இதுல ஒண்ணுகூடத் தனியா நிக்கக் கூடாது.”

நெல் மூட்டைமேல் உட்கார்ந்து பேனாவை எடுத்தேன். இந்த எண் எத்தனை சம வரிசையாகப் பிரியும் என்று செல்போனில் தட்டினால் நொடியில் தெரிந்துவிடும். ஆனால் எனக்கு வீம்பு. பத்தாயிரத்து ஒன்று ஒற்றைப்படை, அதனால் இரண்டு போச்சு. இலக்கங்களைக் கூட்டினால் இரண்டுதான் வரும், மூன்றும் போச்சு. ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று எல்லாம் கைவிரித்தன. இந்த எண்ணுக்குக் காரணி உண்டென்றால் அதில் ஒன்றாவது நூற்றுக்குள் இருந்தே தீர வேண்டும். அதற்குள் சிக்காவிட்டால் பகா எண்; ஒரே நீள வரிசையாக வைப்பதைத் தவிர வேறு வழியில்லை, அதற்குக் களம் பத்தாது. எழுபத்தொன்றும் வகுக்கவில்லை. அக்காவிடம் எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? அடுத்தது எழுபத்துமூன்று. மீதியில்லாமல் நூற்றுமுப்பத்தேழு வந்தது. நம்பாமல் பெருக்கிப் பார்த்தேன், சரியாக இருந்தது. அப்பாடா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

மில் ஆட்கள் என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே அத்தனை அகலையும் எடுத்து மறுபடி வைத்தார்கள். அத்தான் சமாதானமாக டீயும் வடையும் வரவழைத்தார். நீளவாட்டில் நூற்றுமுப்பத்தேழு, குறுக்கே எழுபத்துமூன்று. நான்கு ஓரமும் நேராக முடிந்தன. எண்களோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும், ஓர் எண்ணுக்கு நன்றி சொல்லத் தோன்றியது அன்றைக்குத்தான்.

பொழுது சாய விளக்கேற்றினோம். அக்கா மகள் களத்தின் ஓரமாக மெதுவாக நடந்து வந்தாள். இத்தனையில் அம்மா கூடுதலாகச் சேர்த்த விளக்கு எது என்று கேட்டாள். அக்கா இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தேடிப் பார்த்தாள்.

“தெரியலடி” என்றாள். சொல்லிவிட்டு, மகள் தோளைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் அக்கா அழவேயில்லை.