எரியோடு பேருந்தில் இரண்டு ஆம்பள டிக்கெட்

பெரியப்பாவுக்கு மறதி நோய். காலாண்டு விடுமுறையில் அவரைத் திண்டுக்கல் மருத்துவரிடம் காட்ட, பெரியம்மாவுக்குத் துணையாக நானும் போனேன். இப்படிப்பட்டவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

பேகம்பூரில் மாத்திரை வாங்கிக்கொண்டு பேருந்து நிலையம் வந்தபோது மணி பன்னிரண்டரை. பெரியப்பா வீடு இருக்கும் எரியோட்டுக்கு ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை; பெரியப்பாவுக்கு மட்டும் எடுத்தால் போதும்.

"ரெண்டு ஆம்பள டிக்கெட் குடு அப்பு," என்றார் அவர் நடத்துநரிடம்.

"இன்னொருத்தர் எங்க பெரியவரே?"

"இந்தா உக்காந்திருக்கான்ல."

மூன்று பேர் இருக்கையில் ஜன்னலோரம் ஓர் ஆள் இடம் விட்டு, பெரியப்பா பெரியம்மாவை ஒட்டி உட்கார்ந்திருந்தார். "அவருக்குப் பாஸ் இருக்கு," என்று சிரித்த நடத்துநர், பிறகு அந்தப் பக்கமே திரும்பவில்லை. பெரியப்பா எழுந்து அந்த ஜன்னலின் ஷட்டரை இறக்கினார். "இவனுக்கு வெயில் ஆகாது."

பின் இருக்கையிலிருந்து கேட்டேன். "யாரு பெரியம்மா அது?"

"கேக்காத பாப்பா. கேட்டா பேரச் சொல்லிருவாரு."

பேச்சை மாற்ற, நூலகத்தில் படித்ததைச் சொன்னேன். மறதிக்குத் தரும் இந்த வகை மருந்து, மூளை ரத்தக் குழாய்களின் உட்புறச் செல்களில் அழற்சியையும் தணிக்கலாமாம். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்களில் பார்த்தது. மனிதருக்கும் அப்படியே என்று உறுதியில்லை.

"அழற்சின்னா?"

"ஒரு மாதிரி வீக்கம்."

"அதான் கால் வீக்கம் வத்திருச்சே. இனி எதுக்கு மாத்திர?" பெரியப்பா வரப்பில் சறுக்கி வீங்கிய காலைச் சொன்னார் பெரியம்மா.

"காலு இல்ல, தலைக்குள்ள."

பெரியப்பாவின் தலையைத் தடவிப் பார்த்தார். "தலையும் நல்லாத்தான இருக்கு." மாத்திரை அட்டை பையின் அடிக்குப் போனது. மருத்துவர் நிறுத்தக் கூடாது என்றிருந்தார்.

"பெரியம்மா, மொளகா கிள்ளுனா கை எரியுதுல்ல, வீங்குதா? அந்த மாதிரி."

"அம்புட்டு எரிச்சல வச்சுக்கிட்டா சும்மா உக்காந்திருக்காரு?" என்று பெரியம்மா அட்டையை வெளியே எடுத்தார்.

வீட்டில், சாப்பாட்டுக்குப் பின் பெரியப்பா மாத்திரையை விழுங்கினார். மறுபடி கையை நீட்டினார்.

"அவனுக்கு?"

மருந்தை விளக்கும்போது 'வீக்கம்' என்று சொல்லாதீர்கள். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். மதிய எரியோடு பேருந்தில் ஷட்டர் இறக்கிய ஜன்னலோரம் காலியாக இருந்தால், பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருங்கள்.