ஊசி போடுகிறவர்களுக்கே ஊசி

மட்டாஞ்சேரியில் இருட்டின பிறகு சேவல் கூவினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆஸ்பத்திரி நர்ஸுகள் நாங்கள் மட்டும் எழுந்து ஓடுவோம். கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு டியூட்டிக்கு வருகிற உங்களுக்குச் சொன்னால் புரியும். என் மகள் மீனு இப்போதுதான் தூங்கினாள், எழுதிவிடுகிறேன்.

அது சேவல் இல்லை

கூவியது, வாரக்கணக்காக எங்கள் வார்டிலேயே இருந்த ஒரு குழந்தை. இருமி இருமி முகம் நீலமாகி, கடைசியில் மூச்சை இழுக்கும்போது வந்த சத்தம். கக்குவான் இருமல்! கொடுத்தது யார் என்று தேடினால், எங்கள் சீனியர் நர்ஸ் லீலாம்மா சேச்சி. லீவு கேட்கத் தயங்கி, 'அடுப்புப் புகை' என்று சொல்லிச் சொல்லி இருமலை விழுங்கியிருக்கிறார். கான்வென்டில் ஜெப நேரத்தில் இருமலை விழுங்கிப் பழகியவள் நான். சேச்சி என்னையே தோற்கடித்துவிட்டார்.

மீனுவுக்கு முதல் தவணை ஊசிதான் ஆகியிருந்தது. பயந்துபோய் சூப்பிரண்ட் டாக்டரிடம் ஓடினேன். சேச்சியோடு வேலை பார்த்த எங்களுக்கெல்லாம் முன்னெச்சரிக்கையாக மாத்திரை எழுதிவிட்டு அவர் சொன்னார்: "ஸ்டாஃப் எல்லாருக்கும் தடுப்பூசி போடணும். பயப்படுற ஆள்தான் இதுக்கு வேணும். நீயே நடத்து!"

திறந்தே இருந்த கதவு

மாத்திரை முடிகிறவரை நான் ஹாலில் படுத்தேன். மீனு உள்ளறையில் என் கணவரோடு. அவள் இருமினால் ஓட வேண்டுமே, கதவைச் சாத்தவே விடவில்லை. நடுநடுவே எழுந்து, மாஸ்க்கோடு வாசலில் நின்று அவள் மூச்சு விடுவதைப் பார்ப்பேன். அவர் ஒரு கண்ணைத் திறந்து சொன்னார்: "குழந்தை தூங்குது. நீ பார்க்குற பார்வையில எனக்குத்தான் இருமல் வருது."

டி.டி. போட்டாச்சு

முதல் நாள் ஊசி அறையில் நானும் ஐஸ் பெட்டியும்தான். வந்து எட்டிப் பார்த்தவர்களும் "ஆணி குத்தினப்போ டி.டி. போட்டாச்சு" என்று நழுவினார்கள். அது டெட்டனஸுக்கு, கக்குவானைத் தடுக்காது என்று தொண்டை வற்றக் கத்தினேன். சின்ன வயசில் போட்டதன் பலமும் குறைந்துவிடும் என்றேன். ஆபரேஷன் டாக்டர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே சொன்னார்: "ஊசி குத்துறது என் தொழில். குத்திக்கிறது இல்ல மோளே."

சேச்சியின் கை

மறு தடவை இடத்தை மாற்றினேன். டியூட்டி மாறும் நேரத்தில், எல்லோரும் சாயாவும் பழம்பொரியும் சாப்பிடுகிற கேன்டீன் பக்கத்து அறை. கூட்டம் வந்தது! ஆனால் ஒருவரும் என்னிடம் கையை நீட்டவில்லை. எங்கள் ஆஸ்பத்திரி வழக்கம் அது. நர்ஸுக்கு ஊசி என்றால் வலிக்காமல் போடுகிற லீலாம்மா சேச்சியின் கைதான் வேண்டும்.

சிகிச்சை முடிந்து அன்றுதான் திரும்பியிருந்த சேச்சி, வார்டுக்குள் போக முகமில்லாமல் வராந்தாவில் நின்றார். இழுத்து வந்து உட்கார வைத்தேன். வரிசை வாசல்வரை நீண்டது. ஆபரேஷன் டாக்டர்கூடக் கண்ணை மூடிக்கொண்டு வந்து நின்றார்! வார்டுக் குழந்தை பால் குடிக்க ஆரம்பித்துவிட்டது என்று யாரோ வந்து சொன்னதும் சேச்சி அழுதேவிட்டார். கடைசியில் அவருக்கு நான் போட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "குழந்தைக்காகப் பொறுத்துக்கிட்டேன் மோளே, உன் கை இரும்புக் கையாக்கும்."

ஆஸ்பத்திரிக்கே தைரியம் சொன்ன என் வீரம் இவ்வளவுதான்: மாத்திரை முடிந்த அன்று, குளித்துவிட்டு வந்து மீனுவை அள்ளிக்கொண்டு அறைக்குள் போய், ஒரு கிருமியும் நுழையாதபடி உள்ளேயிருந்து கதவைத் தாழ் போட்டேன்.