வாசிப்பு வடை

2011ஆம் ஆண்டில் எங்கள் நூலகத்தில் வேலை செய்த எல்லோருக்கும் ஒரு பயிற்சி வைத்தார்கள். வாரம் ஒரு இணையக் கருவியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். முதலில் வலைப்பூ, பிறகு கீச்சு எனப்படும் ட்விட்டர், அதன் பிறகு முகநூல். ஐம்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த என்னை நடு வருடத்தில் புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டது போல இருந்தது. வலைப்பூவுக்குப் பெயர் வைக்கச் சொன்னார்கள். நான் யோசித்த பெயரையெல்லாம் யாரோ எடுத்துவிட்டார்கள் என்று கணினி சொல்லிக்கொண்டே இருந்ததால், கடைசியில் என் கார் இலக்கத்தைப் பெயராக வைத்தேன். கீச்சில் நான் எழுதிய முதல் வாக்கியம், ‘இது வேலை செய்கிறதா?’ பதில் வரவில்லை. ஆகவே வேலை செய்யவில்லை என்று முடிவு செய்து, திரும்பத் திரும்ப அதையே எழுதினேன். அது நூலகத்தின் பொதுக் கணக்கு என்றும், காலையிலிருந்து ஊர் முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்றும் மத்தியானம் ஒருவர் வந்து சொன்னார்.

இப்படிப்பட்ட ஆளிடம்தான் தமிழ்ப் புத்தகங்களின் தலைவிதி வந்து சேர்ந்தது.

எங்கள் நூலகம் மல்கிரேவுக்குப் பக்கத்தில் இருந்தது. மெல்பேர்னின் அந்தப் பக்கத்தில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அதனால் நான் கெஞ்சிக் கூத்தாடி இரண்டு தட்டுத் தமிழ்ப் புத்தகங்கள் வாங்க வைத்திருந்தேன். சிக்கல் என்னவென்றால், அவற்றை யாரும் இரவல் எடுக்கவில்லை. ஒருநாள் என் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். அவர் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த, என் வயதுப் பெண்மணி. கோபத்தைக்கூட மரியாதையாகச் சொல்லக்கூடியவர். யாரும் தொடாத புத்தகங்களை எத்தனை காலம் வைத்திருப்பது, கடற்கரைப் பக்கத்துக் கிளைக்கு அனுப்பிவிடலாமா என்று கேட்டார். அந்தக் கிளைப் பக்கம் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரு குருவிகூடக் கிடையாது.

“ஒரு சனிக்கிழமை மட்டும் தாருங்கள். கூட்ட அறையில் தமிழ் வாசிப்பு வட்டம் நடத்துகிறேன். ஆட்கள் வருவார்கள்” என்றேன். எந்தத் துணிச்சலில் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

“சரி. ஆட்கள் வந்தால் புத்தகங்கள் இருக்கட்டும். வராவிட்டால் பெட்டியில் போடுவோம். அறிவித்தலை முகநூலில் போடுங்கள், அதற்குத்தானே பயிற்சி” என்றார்.

தமிழில் தட்டச்சு செய்ய என்னிடம் ஒரு கருவி இருந்தது. ஆங்கில எழுத்தில் உச்சரிப்பை அடித்தால் அது தமிழாக்கித் தரும். அதைச் செய்தவர்கள் தமிழ்நாட்டுப் பக்கத்து ஆட்களாக இருக்க வேண்டும். அவர்கள் ‘ட்ட’ என்பதற்கு இரண்டு t போடுவார்கள். நாங்கள் யாழ்ப்பாணத்தார், வட்டுக்கோட்டை என்றாலும் கட்டை என்றாலும் இரண்டு d. பழக்கத்தில் நான் ‘வட்டம்’ என்பதற்கு v, a, d, d என்று தொடங்கினேன். கருவி குழம்பிப்போய் ஒரு பட்டியலை நீட்டியது. நான் அதைப் பார்க்கவில்லை; விரல்களைப் பார்த்துத்தான் அடிக்கிறவன். இடைவெளிக் கட்டையைத் தட்டியதும் பட்டியலில் முதலில் இருந்த சொல் போய் உட்கார்ந்துகொண்டது. பதிவிட்டுவிட்டு, உலகத்தையே வென்றவன் மாதிரி வீட்டுக்குப் போனேன்.

வாசலிலேயே மனைவி கேட்டாள். “என்னப்பா, லைப்ரரியில வடை எண்டு போட்டிருக்கிறியள்?”

“எங்க?”

“உலகம் முழுக்க.”

ஓடிப்போய்ப் பார்த்தேன். ‘வரும் மாத முதல் சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணிக்கு, எமது நூலகத்தில் தமிழ் வாசிப்பு வடை. அனைவரும் வருக.’ அதன் கீழே ஆட்கள் குவிந்திருந்தார்கள். ‘அங்கிள், உழுந்து வடையோ கடலை வடையோ?’ ‘சட்னி உண்டா சார்? ஃபேமிலியா வர்றோம்.’ ‘புத்தகமும் கொண்டுவர வேணுமோ, இல்லாட்டி சாப்பிட்டிட்டுப் போகலாமோ?’

“அழிச்சுப்போட்டுத் திரும்பப் போடுங்கோவன்” என்றாள் மனைவி.

அந்தக் காலத்து முகநூலில் போட்ட பதிவைத் திருத்த முடியாது, அழிக்கத்தான் முடியும். அழித்தால் கீழே சேர்ந்திருந்த அத்தனை பேரும் சேர்ந்து போய்விடுவார்கள். கணினிச் சுண்டெலியில் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். விரல் தானாகவே சொடுக்கிவிடுமோ என்று பயம் வேறு. இரண்டு வருடமாகத் தமிழ்த் தட்டின் பக்கம் எட்டிப் பார்க்காத சனம் இப்போதுதான் ‘வாறம், வாறம்’ என்கிறது. எனக்கு மனம் வரவில்லை. கணினியை மூடிவிட்டேன். மூடினால் பிரச்சினையும் மூடிவிடும் என்று நம்புகிற சாதி நான்.

திங்கட்கிழமை மேலாளர் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். நூலகத்தின் எந்தப் பதிவுக்கும் இவ்வளவு பதில் வந்ததில்லையாம். “எல்லோரும் ஒரே சொல்லைத்தான் சொல்கிறார்களாமே, வடாய். அப்படியென்றால் என்ன?”

வடை அவர் வாயில் வடாய் ஆகியிருந்தது. “அது... வட்டமாக இருக்கும்” என்றேன்.

“ஓ, வட்டம். வாசிப்பு வட்டம்.”

நான் மறுக்கவில்லை. பொய்யும் சொல்லவில்லை. வடை வட்டம்தானே.

அந்த வார ஊழியர் கூட்டத்தில் அவர் எழுந்து, எல்லா மொழிக்கும் ஒவ்வொரு வடாய் தொடங்கலாமே என்றார். கிரேக்க வடாய், சீன வடாய். குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணி எனக்கு மூக்கால் வந்தது. நிகழ்ச்சி அட்டவணையிலும் ஆங்கிலத்தில் ‘தமிழ் வடாய்’ என்று அச்சாகிவிட்டது. கிரேக்கப் பகுதியைப் பார்க்கும் சக ஊழியர் என்னிடம் வந்து, தன்னுடைய வடாயை எப்படி நடத்துவது என்று ஆலோசனை கேட்டார். சிறு தீயில் தொடங்குங்கள் என்றேன். தலையாட்டிக்கொண்டு போனார்.

வீட்டில் மெல்லத் தொடங்கினேன். “இஞ்சேரும், கொஞ்சம் வடை சுட்டுத் தருவீரோ?”

“ஆர் சனத்தைக் கூப்பிட்டது? நானோ?”

“ஒரு அவசரத்துக்குத்தான்.”

“கூட்ட அறைக்குள்ள சாப்பாடு கொண்டுவரக் கூடாது எண்டு போன மாதம் ஆர் போர்ட் ஒட்டினது?”

ஒட்டினது நான்தான். அதுவும் பெரிய எழுத்தில். கம்பளத்தில் எண்ணெய் பட்டால் போகாது என்று மேலாளருக்கு விரிவுரை வேறு செய்திருந்தேன்.

சனிக்கிழமை வந்தது. வாசலில் நின்று வருகிறவர்களிடம் ஒவ்வொருவராகக் காதோடு காதாக மன்னிப்புக் கேட்பதுதான் என் திட்டம். இரண்டு மணிக்கு முன்பே கதிரைகள் நிறைந்துவிட்டன. சிறுவர் பகுதியிலிருந்து குட்டிக் கதிரைகளைக் கொண்டுவந்து போட்டோம். பெரிய பெரிய அங்கிள்மார் முழங்காலைத் தாடையில் முட்டுக்கொடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வந்தவர்களின் வேகத்துக்கு என் மன்னிப்பு ஈடுகொடுக்கவில்லை. ஒருவர் காதிலும் சொல்லி முடிக்கவில்லை.

மேலாளர் முன்னால் வந்து ஆங்கிலத்தில், “எங்கள் முதல் வடாய்க்கு உங்களை வரவேற்கிறேன்” என்றார். பலத்த கைதட்டல். பிறகு எல்லோருடைய கண்களும் என் கையைப் பார்த்தன. கையில் ஒரு சிறுகதைத் தொகுப்பு மட்டும் இருந்தது.

“வடை இல்லை” என்றேன். “வட்டம் எண்டு அடிச்சனான். அது வடையாப் போட்டுது. குறை நினையாதேங்கோ.”

இரண்டு தட்டுப் புத்தகமும் பெட்டிக்குள் போவது என் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு அன்ரி கைப்பையைத் திறந்தார்.

“எழுத்துப் பிழை எண்டு எனக்கு அண்டைக்கே விளங்கினது, தம்பி. எதுக்கும் எண்டு சுட்டுக் கொண்டு வந்தனான்.” பெரிய பிஸ்கட் டின் ஒன்று வெளியே வந்தது.

பின்னால் இருந்து ஒரு தமிழ்நாட்டுக்காரர் எழுந்தார். “நான் சட்னி மட்டும்தான் கொண்டாந்தேன் சார். வடை நீங்க குடுப்பீங்கன்னு நெனச்சுட்டேன்.”

“சட்னியோட ஆராவது கடலை வடை சாப்பிடுவினமோ?” என்றார் அன்ரி.

“எங்க ஊர்ல சாப்பிடுவோம் ஆன்ட்டி.”

“சரி, இஞ்ச கொண்டு வாங்கோ பாப்பம்.”

அறை சிரித்தது. மேலாளர் டின்னுக்குள் எட்டிப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். அறை முழுவதும் ஒரே குரலில் சொன்னது. அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். நான் கூரையைப் பார்த்தேன். கூரையில் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை.

ஒரு வடையை எடுத்துக் கடித்தார். நேரம் எடுத்து மென்றார். “வட்டமாகத்தான் இருக்கிறது” என்றார். பிறகு, “சாப்பாடு கூடாது என்ற அந்தப் பலகையை இன்றைக்கு மட்டும் கழற்றிவிடுங்கள்.”

கதை வாசித்தோமா என்று கேட்டால், வாசித்தோம். ஒரே ஒரு கதை. அதன் முடிவு சரியில்லை என்று அன்ரி ஒரு பக்கம், சட்னிக்காரர் மறுபக்கம் என்று பிடித்துக்கொண்ட சண்டை வடை முடிந்த பிறகும் முடியவில்லை. சண்டையைத் தீர்க்க அதே எழுத்தாளரின் மற்றப் புத்தகங்கள் வேண்டும் என்று இருவரும் தட்டுப் பக்கம் போனார்கள். மற்றவர்களும் பின்னால் போனார்கள். நான் கைதுடைக்கும் தாள்களை நீட்டிக்கொண்டே ஓடினேன். “அன்ரி, கை, கை” என்று நான் கத்தியதுதான் அன்றைக்கு நூலகத்தில் கேட்ட பெரிய சத்தம்.

மாலையில் பூட்டும்போது மேலாளர் தமிழ்த் தட்டுக்கு முன்னால் நின்றார். தட்டு ஏறக்குறைய வெறுமையாக இருந்தது. மிஞ்சிய சில புத்தகங்கள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன.

“இவை மட்டும் ஏன் போகவில்லை?”

பார்த்தேன். எல்லாம் கனமான, உயர்ந்த இலக்கியம். “இவை நானே தெரிவு செய்தவை” என்றேன்.

“அடுத்த முறை வாங்கும்போது டின் கொண்டுவந்த அந்தப் பெண்மணியிடம் கேட்டு வாங்குங்கள்.”

என் ரசனைக்கு விழுந்த அடி நல்ல அடிதான். ஆனால் ‘அடுத்த முறை வாங்கும்போது’ என்றதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் சரியாக ஏறவில்லை.