காய்ச்சல் என்று எழுதி வாங்கிய சீட்டு

என் மகளுக்கு ஏழு வயதில் அம்மை போட்டது. ஆத்தா வந்த வீட்டில் டாக்டரைக் கூப்பிடும் வழக்கம் எங்கள் பழங்காநத்தத்துத் தெருவில் கிடையாது. பகல் எது, இரவு எது என்று தெரியாத அந்த நாட்களில், வேப்பிலைக் கொத்தால் அவளை வருடிக்கொண்டே நானும் பாதித் தூக்கத்தில் மிதந்துகொண்டிருந்தேன்.

மூன்று நாளுக்கு மேல் லீவு போட்டால் பள்ளியில் டாக்டர் சர்டிபிகேட் கேட்பார்கள். அம்மை இறங்கினால் தலைக்கு மூன்று முறை தண்ணீர் ஊற்ற வேண்டும். நான் ஒரு தண்ணீர்தான் ஊற்றியிருந்தேன். பரீட்சை வந்துவிட்டதே என்று, தெரிந்த கம்பவுண்டர் மூலம் ‘சாதாரணக் காய்ச்சல், குணமாகிவிட்டது’ என்று ஒரு சீட்டு வாங்கி, அவளை அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் அழைத்துவரப் போனேன். மகள் டீச்சர் மேல் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். டீச்சர் சேலையிலும் அவளுடைய வேப்பிலை வாசம் ஒட்டியிருந்தது. அவர் ஏழு மாதக் கர்ப்பிணி. அம்மை ஒட்டினால் வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்து. உண்மையைச் சொல்லி அழுதேன்.

டீச்சர் மெதுவாகப் புருவத்துக்கு மேலிருந்த தழும்பைத் தொட்டுக் காட்டினார்.

“எனக்குச் சின்னப் பிள்ளையிலயே ஆத்தா வந்து போயிட்டா. தப்பிச்சேன். ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“டாக்டர் சீட்டுத்தான கேட்டீக, டீச்சர்?” என்றேன்.

போன மாதம் என் மகனுக்கு அம்மை. நான் சீட்டுக்கு அலையவில்லை. ‘ஆத்தா வந்திருக்கிறாள். மூன்று தண்ணீரும் ஊற்றிய பிறகே அனுப்புவேன். டாக்டர் பார்க்கவில்லை, நான் பார்த்தேன்’ என்று எழுதி, என் கையெழுத்தைப் போட்டுப் பள்ளிக்குக் கொடுத்தனுப்பினேன்.