தங்கூசி கட்டிய புல்வெட்டி

எழுபதுகளில் புரோத்ராபூரில் எங்கள் கால்பந்து மைதானம் பெயருக்குத்தான் மைதானம். மழைக்குப் பிறகு இடுப்பளவு களை, அதற்கடியில் கல். மாலைக்குள் வெட்டாவிட்டால் ஆட்டம் கிடையாது. ஆடாமலே கோப்பை எதிரணியான பாம்பூ பிளாட்டுக்குப் போய்விடும்.

நான் வேலை பார்த்த அரசு அலுவலகத்திலிருந்து, சகல விதிகளின்படியும் கையெழுத்திட்டு, சக்கரம் வைத்த பெட்ரோல் புல்வெட்டியை உருட்டி வந்தேன். சிறிது தூரம் தள்ளியதுமே கல்லில் மோதி பிளேடு உடைந்தது. புது பிளேடுக்கு எழுதிப்போட்டால், மெயின்லேண்டிலிருந்து அது கப்பலில் எங்கள் தீவுக்கு வந்து சேர்வதற்குள் ஆட்டக்காரர்களுக்குப் பேரன் பிறந்துவிடுவான்.

எங்கள் கோல்கீப்பர் அந்தோணி, தூத்துக்குடி மீனவர், கேட்டார்: "சார், பிளேடு இருந்த தட்டுல தங்கூசியக் கட்டிப் பாப்பமா?"

"தூண்டில் நரம்பையா? புல் என்ன, சூரை மீனாய்யா?"

"ஆடாமலே ஜெயிச்சோம்னு அவனுவ ஊரெல்லாம் சிரிப்பானுவ சார்!"

கட்டினோம். இயந்திரத்தை முடுக்கினேன். நரம்பு விர்ரென்று சுழன்றது. களை பச்சைத் தூளாகப் பறந்து என் மூக்குக்கண்ணாடியை மூடியது! கல்லில் பட்டால் நரம்பின் நுனிதான் அறுந்தது. அந்தோணி உடனே வேறு கட்டினார். எங்கள் வங்காளிக் கேப்டன், "சலாவோ தாதா, சலாவோ!" (ஓட்டுங்கண்ணா, ஓட்டுங்க!) என்று முன்னால் குதித்துக்கொண்டே ஓடினார்.

மாலையில் ஆடினோம், கௌரவமாகத் தோற்றோம். அரசு இயந்திரத்தை இப்படி மாற்றுவது எந்த விதிப்படி குற்றம் என்பது எனக்கு மனப்பாடம். ஆனாலும் ஆட்டம் முடிந்ததும், யாரும் கேட்காமலே, சாலையோரக் களையையும் வெட்டிக்கொண்டே போனேன். யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை.